தள்ளியது நான் இல்லை, பிரவுசர்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரியவரும், இன்னமும் அப்படி அழைக்க என்னை அனுமதிப்பவர் என்று நான் நம்புகிறவருமான சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நலமாக இருக்கிற ஒரே ஜீவன் கம்ப்யூட்டர்தான். அதற்கும் நேற்றுதான் உடம்பு தேறியது. இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் கடிதம் எழுதுவார்களா என்று தாங்கள் புருவத்தை உயர்த்தலாம். மின்னஞ்சலில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் மின்னஞ்சல் என்னை உள்ளே விட மறுக்கிறது. காரணம் கீழே வருகிறது. நேரடியாகப் பேசிவிடலாம் என்று ஒருமுறை தங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண், "டாக்டர் இப்ப ஒருத்தர் வாயில கை வச்சிருக்காருங்க, அப்புறமா பேசச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சும்மா கூப்பிடவில்லை. தங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் நடக்க வேண்டிய கல்யாணமும் என் வீட்டு பிரவுசரும் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

நாம் இருவரும் இன்னும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. நடுவில் ஒரு கடல் இருக்கிறது. தங்களுக்கு விடிந்து மதியம் ஆகும்போதுதான் எனக்குப் பல் துலக்கும் நேரம். போனில் பேசினாலும் "அப்புறம்?" என்று நான் கேட்பதும், "நீங்கதான் சொல்லணும்" என்று தாங்கள் சொல்வதுமாகவே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் வேறோர் ஊரில் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருவரும் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் இப்படியே 'அப்புறம்' சொல்லிக்கிட்டிருந்தா கல்யாணத்தன்னிக்குக்கூட அறிமுகம் ஆகமாட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் பழகினதே அந்த ஆட்டத்துலதான். நீங்களும் சேர்ந்து ஆடுங்க, ஒருத்தரை ஒருத்தர் நல்லாத் தெரிஞ்சுப்பீங்க" என்றாள் என் மகள். தெரிந்துகொண்டோம். அந்த வகையில் அவள் சொன்னது பலித்துவிட்டது.

ஆட்டம் தங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து காய் நகர்த்திப் பகடை உருட்டி ஆடியது, இப்போது அந்த மேசையே பிரவுசருக்குள் வந்துவிட்டது. திரையில் மலை, குகை, பாலம் எல்லாம் வரைபடமாக விரிகிறது, ஆளுக்கொரு காய், ஆளுக்கொரு வேடம். இங்கேதான் விதி தன் வேலையைக் காட்டியது. ஊரறிந்த பல் மருத்துவரான தாங்கள் வாள்வீரர். காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நான் வைத்தியர். எனக்கு ஒரு தலைவலி மாத்திரையைக்கூட நேராக இரண்டாக உடைக்க வராது. தையல்காரியான என் மனைவி, திருடி. அந்த வேடத்தை அவளே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள், முப்பது வருஷமாக அவளோடு வாழ்கிற எனக்கு அது கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. மகள் வில்லாளி. தங்கள் மகன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, கதையை நடத்துகிறவர். பூதம் எங்கே வரும், பாலம் எப்போது ஆடும் என்பதெல்லாம் அவர் கையில்.

அந்த மாலை நடந்தது இதுதான். இதை நான் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். தொங்குபாலத்துக்கு வந்தோம். மழை கொட்டுகிறது, மூட்டம் நகர்கிறது, பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக விளக்குகள் மினுக்குகின்றன. மாப்பிள்ளை என்னமாய் வரைந்திருந்தார்! தாங்கள் பாலத்தின் நடுவில் போய் நின்றீர்கள். பூதம் வந்தது. தாங்கள் அசையவில்லை. பூதம் ஒரு அடி வைத்தது. அப்போதும் அசையவில்லை. "பாருங்க, எவ்வளவு நெஞ்சுரம்! நீங்களா இருந்தா இந்நேரம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கே ஓடி வந்திருப்பீங்க" என்று என் மனைவி என்னை இடித்தாள். மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்: "மாமா, அப்பாவுக்கு உயிர் கொஞ்சம்தான் இருக்கு. உங்க முறை. மருந்து குடுங்க." என் திரையில் இரண்டு பொத்தான்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. மேலே இருப்பது 'மருந்து கொடு'. கீழே இருப்பது 'தள்ளு'. நான் அமுக்கியது மேலே இருந்ததைத்தான். அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. மறுபடி அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சம்பந்தியின் உயிர் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் மரங்கொத்தி மாதிரி அமுக்கினேன். அப்போதுதான் பிரவுசர் மூச்சுவிட்டு, 'இந்தப் பக்கம் பதில் சொல்லவில்லை, காத்திருக்கலாமா, மூடிவிடலாமா' என்று உச்சியில் ஒரு பட்டையைக் கொண்டுவந்து போட்டது. பட்டைக்கு வழிவிட்டு மற்றதெல்லாம் கீழே இறங்கியது, 'மருந்து கொடு'வைத் துரத்திக்கொண்டு என் விரலும் இறங்கியது. பட்டை போனதும் எல்லாம் ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறியது. என் விரல் இருந்த இடத்துக்கு 'தள்ளு' வந்து நின்றது. அதுவரை நான் அமுக்கியதையெல்லாம் பிரவுசர் சேர்த்துவைத்திருந்து, ஒரே மூச்சில் அதன்மேல் கொட்டியது. ஓரத்துக் குறிப்புப் பலகையில் வரிசையாக வந்தது: 'வைத்தியர் வாள்வீரரைத் தள்ளுகிறார். வைத்தியர் வாள்வீரரைத் தள்ளுகிறார். வைத்தியர் வாள்வீரரைத் தள்ளுகிறார்.' தாங்கள் முதல் தள்ளலிலேயே பள்ளத்தில் விழுந்துவிட்டீர்கள். மீதியெல்லாம் காற்றில் போட்டது. ஆனாலும் பலகையில் அது ஓடிக்கொண்டே இருந்தது, பார்ப்பவர்களுக்கு என் ஆத்திரம் தீரவில்லை என்பதுபோல.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் மைக் திறந்திருந்தது. தங்கள் காதில் விழுந்த வார்த்தைகளை நான் மறுக்கவில்லை, அவை என் வாயிலிருந்து வந்தவைதான். "நகருடா, தடிமாடு மாதிரி நடுவுல நிக்கிறியே!" என்று நான் சொன்னது அந்தச் சுற்றும் வட்டத்தை. "பாக்கறதுக்குத்தான் ஆளு பெரிசு, மண்டையில ஒண்ணும் கிடையாது" என்றது கம்ப்யூட்டரை. அதன் பெட்டி பெரியது. "இதோட சம்பந்தமே வேண்டாம், நாளைக்கே வேற ஒண்ணு பாத்துக்கலாம்" என்று என் மனைவியிடம் சொன்னேனே, அது புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி. சம்பந்தி அவர்களே, 'சம்பந்தம்' என்ற சொல் என் வாயில் ஏன் அந்த நேரம் பார்த்து வந்தது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வழக்கமாக 'சகவாசம்' என்றுதான் சொல்வேன். தாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிறிது நேரம் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. பிறகு அதுவும் அணைந்தது. மாப்பிள்ளை மெல்ல, "இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம் மாமா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை இருந்தது.

அன்றிலிருந்து தங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வழக்கமாகக் காலையில் வரும் பூப்படம் போட்ட வணக்கச் செய்திகூட நின்றுவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டால், "அப்பா ஒண்ணும் சொல்லலை மாமா" என்கிறார். ஒன்றும் சொல்லாத மனிதரிடம்தான் பயம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்க வருகிறவர்களில் கத்துகிறவர்கள் யாரும் சுவரில் போய் மோதியதில்லை. மகள் போனில் அழவில்லை, அதைவிட மோசம், "பரவால்லப்பா" என்றாள். என் மனைவிதான் விஷயத்தை நேராக எடுத்தாள். "என்னங்க, மன்னிப்புக் கேக்கறது அப்புறம். மறுபடி ஆட உக்காந்து, மறுபடி இந்தப் பெட்டி நின்னு, மறுபடி நீங்க அவரை எங்கேயாவது தள்ளிவிட்டா? முதல்ல இதைச் சரி பண்ணுங்க. ஓடற வண்டியில அவரைக் கூப்பிட்டு உக்கார வைங்க" என்றாள். என் தொழில்மொழியிலேயே சொல்லிவிட்டாள். மறுக்க வழியில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதலில் டேப்கள். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் அது ஒரு டேப். அதை மூடாமல் இன்னொன்று திறந்தால் அதுவும் உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரின் நினைவகத்தைத் தின்னும். இதை மகள் போனில் விளக்கினாள். எங்கள் பிரவுசரின் உச்சியைப் பார்த்தேன். டேப்கள் குறுகிக் குறுகி, சீப்பின் பல்லைவிட மெலிதாக நின்றன. எல்லாம் என் மனைவியுடையவை. நான் தாட்சண்யம் பார்க்காமல் எல்லாவற்றையும் மூடினேன். பிரவுசர் பறந்தது. நான் துள்ளிக் குதித்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "அதுல ஒரு கல்யாணப் பொண்ணோட உடுப்புக்குக் கழுத்து டிசைன் தேடி வச்சிருந்தேன். கை டிசைன் தனியா வச்சிருந்தேன். எந்தக் கழுத்துக்கு எந்தக் கைன்னு வரிசையா வச்சிருந்தேன்" என்றாள். கத்தவில்லை. வரிசையாகச் சொன்னாள். கேட்டால் அந்தக் கல்யாணப் பெண் எங்கள் மகள்தான். பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, பிரவுசரின் பழைய நடமாட்டப் பட்டியலைத் தோண்டி ஒவ்வொன்றாக மீட்டு, இனி எல்லாவற்றையும் புத்தகக்குறியாகச் சேமித்துவைப்பது என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். இதில் ஒரு நன்மை. மகளின் கல்யாண உடுப்பை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கை கொஞ்சம் நீளமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்" என்றவள் மறுநாள் நீளமாகத்தான் வெட்டினாள்.

ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. ஆட்டத்தைத் திறந்ததும் பழைய குருடி கதைதான். அடுத்து எக்ஸ்டென்ஷன்கள் மேல் கை வைத்தேன். இவை பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு குடியிருக்கும் குட்டிச் செயலிகள். நான் யாரையும் கூப்பிட்டு வைக்கவில்லை. ஆனால் திரையில் ஏதாவது கேட்டால் 'சரி' என்று சொல்லிவிடும் சுபாவம் எனக்கு. அப்படிச் சரி சொல்லிச் சொல்லி, வானிலை சொல்ல ஒரு வாத்து, எழுத்துப்பிழை பார்க்க ஒன்று, அந்த ஒன்றின் பிழையைப் பார்க்க இன்னொன்று என்று ஒரு காலனியே குடியேறியிருந்தது. அதில் யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பிரவுசரை மின்னல் வேகத்தில் ஓடவைக்கும்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் பாதி நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருந்தான். அவனை வெளியேற்றினேன். எல்லோரையும் வெளியேற்றினேன். வாத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி மனைவி சிபாரிசு செய்தாள். மழை வருமா என்று அது சரியாகச் சொல்லுமாம். ஜன்னலைத் திறந்தால் நானும் சொல்வேன் என்றேன். "வாத்து திருப்பிப் பேசாது" என்றாள். வாத்தும் போனது.

மூன்றாவதாக ஒரு துணிகர முயற்சி. பிரவுசர் தான் பார்த்த பக்கங்களின் துண்டு துணுக்குகளையெல்லாம் கிடங்கில் சேர்த்துவைக்கும், அதைத் துடைத்தால் நல்லது என்று படித்தேன். துடைக்கப் போனால் ஒரு பெட்டி வந்தது. அதில் பல கட்டங்கள். எதை எதைத் துடைக்க வேண்டும் என்று குறியிடச் சொன்னது. சுத்தம் என்று இறங்கியபின் பாதியில் என்ன நிற்பது என்று எல்லாக் கட்டத்திலும் குறியிட்டேன். அதில் ஒரு கட்டம் கடவுச்சொற்கள். வீட்டின் மின்கட்டணம், நூலகம், கண்ணாடிக் கடை, என் மின்னஞ்சல் என்று எங்களை அடையாளம் தெரிந்து வைத்திருந்த எல்லோரும் ஒரே நொடியில் "யார் நீங்க?" என்று கேட்டார்கள். மற்றதையெல்லாம் எப்படியோ மீட்டுவிட்டேன். மின்னஞ்சல் மட்டும் ரகசியக் கேள்வி கேட்கிறது: 'உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார்?' எப்போதோ நான் கொடுத்த பதில். பள்ளியில் எனக்குக் கற்பித்த அத்தனை பேரையும் எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் தவறு என்கிறது. கடைசியில், டிரைவிங் ஸ்கூல் ஆசிரியரான என்னையே நான் குறிப்பிட்டிருப்பேன் என்று மனைவி சந்தேகப்பட்டாள். அதையும் எழுதிப் பார்த்தேன். அதுவும் இல்லை. இதுதான் நான் காகிதத்தில் எழுதும் காரணம்.

நான்காவதாக மகள் சொன்னாள்: "அப்பா, படம் வரையற வேலையைக் கிராபிக்ஸ் கார்டு பாக்கணும். பிரவுசர் செட்டிங்ல அது ஆஃப்ல இருந்தா எல்லாப் பாரமும் பிராசசர் ஒருத்தன் தலையில விழும்." போய்ப் பார்த்தேன். ஆஃபில்தான் இருந்தது. எப்போதோ ஏதோ கேட்டதற்கு நான் சரி சொல்லியிருக்கிறேன். ஆன் செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். கார்டை இயக்கும் மென்பொருளையும் புதுப்பிக்கலாமே என்று போய், எந்த விசைகளை அமுக்கினேனோ தெரியாது, திரை தலைகீழாகிவிட்டது. மலை மேலிருந்து தொங்கியது. எத்தனையோ முயன்றும் நேராகவில்லை. வண்டி திரும்பாவிட்டால் ரோட்டையா திருப்ப முடியும் என்று மாணவர்களிடம் கேலி பேசியவன் நான். அன்று மானிட்டரையே தூக்கித் தலைகீழாக நிறுத்தி, இரண்டு நூல்கண்டு முட்டுக்கொடுத்து, ஒரு பொழுது முழுவதும் அப்படியே வேலை செய்தேன். துணி கொடுக்க வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அளவு ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்புறமா வர்றேன்" என்று போய்விட்டார்.

அதன்பிறகுதான் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முனையிலிருக்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண்ணிடம் என்னை இழுத்துப்போனாள். அந்தப் பெண் முதலில் திரையை இரண்டு விசையில் நேராக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். பிறகு பெட்டியின் பக்கத்தைக் கழற்றினார். உள்ளே காற்றாடி இருக்க வேண்டிய இடத்தில் கம்பளி இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் தையல் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. வருஷக்கணக்காக உதிர்ந்த நூலும் பஞ்சும் பிசிறும் உள்ளே போய் மெத்தையாகப் படிந்திருந்தது. அவர் இடுக்கியால் பிடித்து இழுக்க இழுக்க, ஒரு குழந்தைக்குத் தொப்பி தைக்கிற அளவுக்கு வந்தது. "சூடாச்சுன்னா கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும் சார். இவ்வளவு நாள் இது எரியாம இருந்ததே பெரிசு" என்றார். நான் என் மனைவியைப் பார்த்தேன். என் மனைவி அந்தப் பஞ்சை எடுத்துப் பார்த்து, "இந்த நீலம் எந்த உடுப்போடது?" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். கம்ப்யூட்டரை இப்போது தையல் மேசையின் அடியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் மாற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தைத் திறந்தேன். நன்றாக ஓடியது. முதல் காட்சி, சந்தை, நன்றாக ஓடியது. காடு நன்றாக ஓடியது. தொங்குபாலத்துக்குப் போனேன். வட்டம் சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மனைவிதான், துணியில் கறை எங்கேயிருக்கிறது என்று பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "மத்த இடத்துல ஓடுது, இங்க மட்டும் ஓடலைன்னா, கோளாறு நம்ம பெட்டியில இல்லைங்க. பாலத்துல."

பாலத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை தன் அப்பாவும் வருங்கால மாமனாரும் முதல்முறையாகச் சேர்ந்து ஆடப்போகிறார்கள் என்று அந்த ஒரு காட்சியை வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். சுவரில் அடிக்கிற அளவுக்குப் பெரிய படம். ஒவ்வொரு விளக்கும் தனியாக வெளிச்சம் வீசுகிறது, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒவ்வொரு பலகைக்கும் தனி நிழல், அதன்மேல் மழை, மழைக்குமேல் மூட்டம், உருளும் பகடைக்குள்ளும் தீப்பொறி. எந்தப் பிரவுசர் தாங்கும்? ஆனால் இதை அவரிடம் யார் சொல்வது? கல்யாணம் ஊசலாடும் நேரத்தில், நானே போய் மாப்பிள்ளையின் கைவேலையில் குறை சொல்வதா? மகளைக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. ஆனா அவ்வளவு ஆசையாப் பண்ணிட்டு 'நல்லாருக்கா'ன்னு கேட்டாரு. என்னன்னு சொல்ல?" என்றாள். டிரைவிங் ஸ்கூல் காரில் என் காலடியில் எப்போதும் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் தவறு செய்தால் நான் அமுக்கிக்கொள்ளலாம், வாய் திறந்து புண்படுத்த வேண்டியதில்லை. இதில் அது இல்லை. வாயைத் திறந்தே ஆக வேண்டும். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ஏதேதோ பேசினேன். வானிலை பேசினேன். கடைசியில், "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. பாலத்துல அந்த மழையைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றேன்.

சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது, வெகுநேரம் அடக்கிவைத்த சிரிப்பு. "மாமா, எனக்கே அது ஓடலை மாமா. நான் மூணு தடவை ரீலோட் பண்ணித்தான் அன்னிக்கு நடத்தினேன். நீங்கள்லாம் ஆகா ஓகோன்னதும் எடுக்க மனசு வரலை" என்றார். அப்புறம் நாங்கள் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்தப் பாலத்தைப் பிரித்து மேய்ந்தோம். படத்தை அவர் சுருக்கினார், பார்க்க வித்தியாசமே தெரியவில்லை. ஒரே காட்சியாக இருந்ததைப் பாலம், கரை, குகை என்று தனித்தனியாக வெட்டினார். விளக்குகளில் இரண்டை மட்டும் எரியவிட்டு மற்றவற்றைப் படத்திலேயே வரைந்துவிட்டார். மழை நின்றது. "மூட்டம் வேணுமா மாமா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருக்கட்டும், உங்க ஆசைக்கு" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா மாமா, நீங்கதான் முதல்ல என்கிட்ட நேராச் சொன்ன ஆளு" என்றார். சம்பந்தி அவர்களே, தங்கள் மகனிடம் 'அப்புறம்' என்ற சொல்லே வராமல் நான் பேசியது அன்றுதான். பின்னால் மகளின் குரல் கேட்டது: "யாரோட இவ்வளவு சிரிச்சுப் பேசறீங்க?" அவர், "உங்க அப்பாவோடதான்" என்றார். அவள் நம்பவில்லை. போனை வாங்கி நான்தானா என்று சரிபார்த்தாள்.

நேற்று மாலை நாங்கள் நால்வரும் ஒத்திகை பார்த்தோம். தங்கள் இடத்தில் ஆளில்லாத ஒரு காயை நிறுத்தினோம். பூதம் வந்தது. நான் 'மருந்து கொடு' என்பதை ஒரே ஒருமுறை, ஆடாத விரலால் அமுக்கினேன். கை எடுப்பதற்குள் பலகையில் வந்துவிட்டது: 'வைத்தியர் மருந்து கொடுக்கிறார். உயிர் திரும்புகிறது.' என் மனைவி கைதட்டினாள். மகள் அம்பு விட்ட வேகத்திலேயே அவள் மனசு லேசானது எனக்குத் தெரிந்தது. தாங்கள் இறந்துவிடவில்லை என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை கதையைத் தீர விசாரித்துவிட்டார். தாங்கள் பள்ளத்தில் ஓடும் ஆற்றில் விழுந்து, ஒரு மரக்கிளையில் பத்திரமாகத் தங்கியிருக்கிறீர்கள். வாளும் கையில்தான் இருக்கிறது. கயிறு எங்களிடம் இருக்கிறது. என் மனைவி அதை எங்கோ திருடியிருக்கிறாள். வருகிற ஞாயிறு, எங்களுக்கு மாலை ஆகும் நேரத்தில், தாங்கள் வந்து அந்தக் கயிற்றைப் பிடித்தால் போதும். மேலே இழுப்பது என் பொறுப்பு. தாங்களும் தங்கள் பக்கத்தில் தேவையில்லாத டேப்களை மூடிவிட்டு, முடிந்தால் வைஃபையை நம்பாமல் கேபிளில் இணைத்து, பெட்டியின் காற்றாடியில் தூசு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தால் மிக நன்றாக இருக்கும். நான் மைக்கை மூடிவைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். எங்கள் கம்ப்யூட்டரின் கோளாறு அவர்கள் வாழ்க்கையில் விழ வேண்டாம். தங்கள் மனதில் ஏதாவது வருத்தம் இருந்தால் அதை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள்மேல் வேண்டாம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள், வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு என் விசாரிப்பு. எல்லோருக்கும் பல்லும் மனசும் உறுதியாக இருக்கட்டும்.

தங்கள் பதிலை வழிமேல் விழிவைத்து எதிர்பார்க்கும்,
பெண்ணின் அப்பா
(ஆட்டத்தில் வைத்தியர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்காக நாக்கை நீட்டும்போது தாங்கள் போன் செய்தீர்கள். தாங்கள் சொன்னதை நான் நின்றபடியே கேட்டேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பாலத்துக்கு வந்ததுமே தங்கள் திரை அப்படியே நின்றுவிட்டதாமே! சத்தமும் வரவில்லையாமே! பூதமும் தெரியாது, தள்ளியதும் தெரியாது, பள்ளமும் தெரியாதாமே! நாங்கள் எல்லோரும் அந்தப் பாலத்தின் அழகில் லயித்துப் பேச்சற்று நிற்கிறோம் என்று நினைத்து, தாங்களும் மரியாதைக்காகக் கரண்ட் போகும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாமே! "என்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டுப் பேசாம இருப்பாங்க சம்பந்தி. வாயை மூடிக்கிட்டு இவ்வளவு பொறுமையா இருக்கிற மனுஷனை நான் இப்பதான் பாக்கறேன். அப்படிப்பட்டவரைத் தினமும் மெசேஜ் அனுப்பித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் நிறுத்திட்டேன்" என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

ஆகவே, இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. கிழித்துப் போடத்தான் போனேன். ஆனால் தங்கள் கம்ப்யூட்டர் இருக்கிற இருப்பைக் கேட்டபின், அதற்கான வைத்தியமெல்லாம் இதில்தானே இருக்கிறது என்று அனுப்புகிறேன். டேப், எக்ஸ்டென்ஷன், காற்றாடி பற்றிய பத்திகளை மட்டும் படித்துக்கொள்ளவும். நான் தங்களைத் தள்ளியதும், அப்போது பேசியதும் வருகிற இடங்களைத் தயவுசெய்து படிக்காமல் தாண்டிவிடவும். இதை இப்போது என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரிங்க, இதைக் கடைசியில எழுதியிருக்கீங்களே, அவரு இதை முதல்ல எப்படிப் படிப்பாரு?" என்று கேட்கிறாள்.